திரும்பி வரும் நாளுக்கும் லீவு எடுப்போம்

ஜனவரி கடைசி ஞாயிறு ஆராதனையில் சற்றுச் சுற்றிப் பார்த்தால், முதல்நாள் இரவு முழுவதும் கார் ஓட்டி வந்தவர்கள் யார் யார் என்று கேட்காமலே சொல்லிவிடலாம். பிரசங்கம் தொடங்கி ஐந்து நிமிடத்தில் தலை தொங்கிவிடும். பிள்ளைகள் தாயின் மடியில் கிடப்பார்கள். பாடகர் குழுவில் ஒருவர் வாயைத் திறப்பது பாடுவதற்கா கொட்டாவி விடுவதற்கா என்று தெரியாது. அது பரவாயில்லை. பவுல் பிரசங்கம் பண்ணும்போதே ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். ஆலயத்தில் தூங்குகிறவர்கள் மீது எங்களுக்குக் குறை எதுவும் இல்லை.

எங்களுக்கு நெருடுவது சாட்சி வேளை. ஒருவர் எழும்பிச் சொல்வார்: "அடிலெயிட்டில இருந்து நேற்று மத்தியானம் வெளிக்கிட்டு, இரவிரவா ஓடி, காலமை ஆறு மணிக்கு வீட்டை வந்து, குளிச்சிட்டு நேரே ஆலயத்துக்கு வந்திருக்கிறம். வழியில ரெண்டு தரம் கண் சொருகிப்போச்சு. கர்த்தர்தான் காப்பாற்றினவர்." சபை ஆமென் சொல்லும். சில வேளை கைதட்டலும் கேட்கும்.

உயிரோடு வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்வது சரி. நாங்களும் சேர்ந்துதான் ஆமென் சொல்கிறோம். ஆனால் பின் வரிசையில் சிவப்பு P பலகை வாங்கி மூன்று மாதம் ஆன பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த ஆமெனைக் கேட்டு அவர்கள் கற்றுக்கொள்வது என்ன? இரவிரவாக ஓட்டுவது ஒரு வீரம், கண் சொருகினாலும் நிறுத்தாமல் வருவது விசுவாசம், ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாமல் வந்து சேர்வது கடமை. இந்த மூன்றையும் நாம் யாரும் வாயால் கற்றுக்கொடுக்கவில்லை. கைதட்டலால் கற்றுக்கொடுக்கிறோம்.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், அம்மம்மா. வருடத்தில் ஒரு நீண்ட கார்ப் பயணம் போவோம். அதோடு, தாதி வேலையில் இரவுப் பணி செய்கிறவர்களுக்குத் தூக்கமின்மை உடம்பை என்ன செய்யும் என்பது புத்தகத்தில் படித்த பாடம் மட்டுமல்ல. அதனால்தான் இதை எழுதத் துணிகிறோம்.

போகும் பயணத்தை நம் ஆட்கள் எவ்வளவு கவனமாகத் திட்டமிடுகிறார்கள் என்று பாருங்கள். ஒரு மாதத்துக்கு முன்பே காரை சேர்விஸுக்கு விடுவார்கள். டயருக்குக் காற்று, எஸ்கிக்கு ஐஸ், பிள்ளைகளுக்கு வாந்திக் குளிசை, வழிக்கு ரோல்ஸும் புளிச்சாதமும். எந்த ஊரில் பெற்றோல் மலிவு என்றுகூடப் பார்த்து வைப்பார்கள். தென் அவுஸ்திரேலியாவுக்குள் பழம், தக்காளி, மிளகாய் கொண்டுபோக முடியாது என்பதால் றென்மார்க்குக்கு முன்னால் உள்ள சோதனைச் சாவடியில் எதை எறிய வேண்டும் என்று பட்டியல் இருக்கும். (எங்கள் அம்மம்மா தோட்டத்துப் பச்சை மிளகாய்ப் பையை எறிய மனமில்லாமல், அங்கேயே நான்கு மிளகாயைச் சோற்றோடு கடித்துத் தின்றுவிட்டுத்தான் மீதியைத் தொட்டியில் போட்டார்.) புறப்படும் காலையில் முற்றத்தில் நின்று 121ஆம் சங்கீதம் வாசித்து, ஜெபம் செய்து, பிறகுதான் கார் கிளம்பும்.

திரும்பி வருவதற்கு மட்டும் திட்டம் கிடையாது. அங்கே இன்னும் ஒரு நாள் நிற்போம், மச்சான் வீட்டில் ஒரு மத்தியானச் சாப்பாடு, பிள்ளைகள் கேட்ட இடம் ஒன்று மிச்சம் என்று இழுத்து இழுத்து, கடைசியில் மிஞ்சுவது சனி இரவு ஒன்றுதான். அடிலெயிட்டிலிருந்து மேற்கு சிட்னி சுமார் 1,400 கிலோமீற்றர். போகும்போது மூன்று நாளில் ஆற அமரப் போன பாதையை ஒரே மூச்சில் திரும்பி ஓடுகிறோம். அதுவும் பகல் முழுவதும் சாமான் கட்டி, விடைபெற்று, வயிறு முட்டச் சாப்பிட்ட உடம்போடு. காலையில் வாசித்த அந்தச் சங்கீதத்தின் கடைசி வசனம் நம் போக்கை மட்டுமல்ல, வரத்தையும் பற்றிப் பேசுகிறது. நம் திட்டத்தில்தான் வரத்து இல்லை.

திரும்பும் வழியில் கவனம் குறைவது மனித இயல்பு. பன்னிரண்டு வயது இயேசு எருசலேமில் தங்கிவிட்டதை யோசேப்பும் மரியாளும் எப்போது கண்டுபிடித்தார்கள்? பண்டிகை முடிந்து ஊர் திரும்பும் வழியில், ஒரு நாள் பயணம் நடந்த பிறகு. பிள்ளை கூட்டத்தில் எங்கோ வருகிறார் என்று நினைத்திருந்தார்கள். போகும் வழியில் அப்படி நடந்திருக்குமா என்று நாங்கள் யோசிப்பதுண்டு. போகும்போது எல்லாரும் விழிப்பாக இருப்பார்கள். வரும்போது, முடிந்துவிட்டது என்று மனம் சொல்லிவிடும். நமக்கு அந்த நினைப்பு வரும் இடம் கோல்பேர்ண். அங்குள்ள பெரிய செம்மறியாட்டுச் சிலையைக் கண்டதும் "இனியென்ன, வீடு வந்திட்டுது" என்று சொல்லாத தமிழர் இல்லை. வீட்டுக்கு அங்கிருந்து இன்னும் இரண்டு மணித்தியால ஓட்டம் இருக்கிறது. பதினைந்து மணித்தியாலம் ஓடிய உடம்பு, அதிகாலை நாலு மணி, இன்னும் இரண்டு மணித்தியாலம்.

அந்த நேரத்தில் மூளை எப்படி இருக்கும் என்பதற்கு அடிலெயிட்டிலேயே ஆராய்ச்சி நடந்திருக்கிறது. 1997ஆம் ஆண்டு ட்றூ டோசன், கத்ரின் றீட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 'நேச்சர்' சஞ்சிகையில் அதை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும் சேர்ந்து வேலை செய்யும் திறன், இரத்தத்தில் 0.05 வீதம் மது உள்ளவருடையதைப் போல ஆகிவிடுகிறது. 24 மணித்தியாலம் விழித்திருந்தால் அது ஏறத்தாழ 0.10 வீதத்துக்குச் சமம். இந்த நாட்டில் 0.05 என்பதுதான் சாதாரண ஓட்டுநருக்குச் சட்ட எல்லை. L, P பலகை உள்ளவர்களுக்குப் பூச்சியம்.

நம் வீடுகளில் பெரும்பாலும் மதுவுக்கு இடமில்லை. குடித்துவிட்டு ஒருவர் கார்ச் சாவியை எடுத்தால் நாம் சும்மா இருக்க மாட்டோம். அவரைப் பற்றி ஜெபக் கூட்டத்தில் ஒரு வருடம் பேசுவோம். ஆனால் காலை ஆறு மணிக்கு எழும்பியவர் இரவு பதினொரு மணிக்கு ஹே சமவெளியில் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டிருந்தால், அவரது நிலையும் அந்தக் குடித்தவரின் நிலைதான். அவருக்குப் பின்னால் மூன்று பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவருக்கு நாம் கைதட்டுகிறோம்.

கண் சொருகுவது என்று நாம் சாதாரணமாகச் சொல்வது உண்மையில் தூக்கம். சில விநாடிகள் மூளை தூங்கிவிடும், கண் திறந்திருந்தால்கூட. மணிக்கு 110 கிலோமீற்றர் வேகத்தில் கார் ஒரு விநாடியில் 30 மீற்றருக்குமேல் ஓடும். நாலு விநாடி என்றால் 120 மீற்றர். கிரிக்கெட் விளையாடும் தம்பிமாருக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், ஆறு பிட்ச்சை வரிசையாக வைத்து, அந்தத் தூரம் முழுவதும் ஓட்டுநர் இல்லாமல் கார் ஓடுகிறது. வளைவு ஒன்று அந்தத் தூரத்தில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். சாட்சியில் "ரெண்டு தரம்" என்று சொன்னவருக்கு நினைவிருக்கும் இரண்டு தரம் அது. நினைவில்லாதவை எத்தனை என்று அவருக்கே தெரியாது. தூக்கக் கலக்கத்தில் தன் நிலையைத் தானே அளக்கும் திறனும் மழுங்கிவிடும். இரவுப் பணி முடிந்து "நான் ஓகே" என்று சொல்லிக் காருக்குப் போகிற தாதியை நாங்கள் நம்புவதில்லை. ஒரு தேநீர் கொடுத்து உட்கார வைப்போம்.

யன்னலைத் திறந்து காற்று வாங்குவது, பாட்டைச் சத்தமாகப் போடுவது, முகம் கழுவுவது, கன்னத்தில் அடித்துக்கொள்வது எல்லாம் சில நிமிடத்துக்குத்தான். கோப்பி வேலை செய்யும், ஆனால் குடித்து அரை மணித்தியாலம் ஆகும். கோப்பி குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் கண்ணயர்வது அதைவிட நல்லது. எழும்பும்போது கோப்பியும் பிடித்திருக்கும். எழும்பியவுடன் பத்துப் பதினைந்து நிமிடம் தலை மந்தமாக இருக்கும், அதுவரை ஓட்டக் கூடாது. அதிகாலை இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் இந்த உபாயங்கள்கூட முழுப் பலன் தராது. உடம்புக்குள் உள்ள கடிகாரம் அந்த நேரத்தில் படு என்றுதான் சொல்லும். பத்து வருடம் இரவு வேலை செய்தவர்களுக்கும் அப்படித்தான்.

பாரவூர்தி ஓட்டுகிறவர்களுக்கு இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. வழமையான விதிப்படி 24 மணித்தியாலத்தில் 12 மணித்தியாலத்துக்குமேல் வேலை செய்ய முடியாது. வண்டியை நிறுத்தி, தொடர்ந்து 7 மணித்தியாலம் ஓய்வெடுக்க வேண்டும். மீறினால் அபராதம். அவர்கள் அன்றாடம் ஓட்டுகிறவர்கள், அதுவே தொழிலாகக் கொண்டவர்கள். மெல்பேர்ணுக்குப் போகும் ஹியூம் நெடுஞ்சாலையில் பாதி வழியில் டார்கட்டா என்று ஒரு சிறு ஊர் உண்டு. வேலையின்போது உயிரிழந்த பாரவூர்தி ஓட்டுநர்களின் பெயர்களைப் பொறித்த நினைவுச் சுவர் அங்கே இருக்கிறது. அடுத்த முறை போகும்போது பத்து நிமிடம் நிறுத்தி, பெரிய பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள். தேர்ந்த ஓட்டுநருக்குச் சட்டம் 12 மணித்தியாலம் என்கிறது. வருடத்தில் 360 நாள் ஆலயத்துக்கும் வேலைக்கும் வூல்வேர்த்ஸுக்கும் மட்டும் கார் ஓட்டுகிற நாம் 16, 17 மணித்தியாலம் ஓட்டுகிறோம்.

றோட்டு இப்போது நல்லாயிற்று என்று சிலர் சொல்வார்கள். உண்மை. 1989 ஒக்டோபரில் கௌப்பர் என்ற இடத்தில் பாரவூர்தியும் பேருந்தும் மோதி 21 பேர், அதே டிசம்பரில் கெம்ப்சிக்கு அருகே அதிகாலையில் இரண்டு பேருந்துகள் நேருக்குநேர் மோதி 35 பேர் இறந்தார்கள். இரண்டும் பசிபிக் நெடுஞ்சாலையில், இரண்டு மாத இடைவெளியில். அதன் பிறகுதான் போவதற்கும் வருவதற்கும் தனித்தனிப் பாதை வேண்டும் என்ற குரல் பலத்தது. ஹியூம் பாதை 2013இலும், பசிபிக் பாதை குயின்ஸ்லாந்து எல்லைவரை 2020இலும் முழுமையாக அப்படி ஆயின. அதனால் எதிரே வரும் வாகனத்தோடு மோதும் ஆபத்து வெகுவாகக் குறைந்தது. பாதை ஓரத்து மரத்தோடு மோதும் ஆபத்தை எந்தப் பாதை அமைச்சும் எடுத்துவிட முடியாது. அடிலெயிட் பாதையின் பெரும்பகுதி இன்னும் ஒற்றைப் பாதைதான். அந்தியிலும் விடியலிலும் கங்காருக்கள் வேறு.

இனி மறுப்புகள். இவற்றை எங்கள் நண்பர்களிடமிருந்தே கேட்டிருக்கிறோம்.

இரவில் குளிர்ச்சி, பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள், றோட்டில் ஆள் இல்லை என்பது முதலாவது. பிள்ளைகள் தூங்குவது உண்மை. முன் இருக்கையில் உள்ளவரும் தூங்கிவிடுவார். விழித்திருக்க உதவ ஒருவரும் இல்லாத கார் அது. வெயிலுக்குப் பயம் என்றால், இரவு ஒன்பது மணிக்குப் படுத்து, விடிந்ததும் புறப்பட்டு, பிற்பகல் இரண்டு மணிக்கு முன் ஓட்டத்தை முடியுங்கள். இருவர் மாறி மாறி ஓட்டுவோம் என்பது இரண்டாவது. கழுத்தைச் சாய்த்துக் கார் இருக்கையில் தூங்கும் தூக்கம் தூக்கமல்ல. இரவுப் பணியில் நாற்காலியில் கண்ணயர்ந்த எவரையும் கேளுங்கள்.

மூன்றாவதுதான் கனமானது: பணம். குடும்பத்தோடு இன்னும் ஒரு இரவு மோட்டலில் தங்குவது செலவு. புதிதாக வந்த குடும்பங்களுக்கும் ஒரு சம்பளத்தில் ஓடும் வீடுகளுக்கும் அது பெரிய செலவு என்று எங்களுக்குத் தெரியும். அதற்கு எங்கள் பதில், ஒரு இரவைக் கூட்டாதீர்கள், அங்கே ஒரு இரவைக் குறையுங்கள். பிள்ளைகள் அழுவார்கள், மச்சான் கோபிப்பார். கரவன் பார்க்கில் சிறு கேபின் மோட்டலைவிடப் பெரும்பாலும் மலிவு, குசினியும் இருக்கும், சோறு வைக்கலாம். அதுவும் முடியாவிட்டால், அடிலெயிட்டுக்குப் பதிலாக கான்பராவுக்குப் போங்கள். தூரத்தைக் குறைப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. முகநூலில் படம் குறையும், அவ்வளவுதான்.

நான்காவது, நம்மிடையே மட்டும் உள்ள மறுப்பு: ஞாயிறு ஆராதனை. இதைப் பேசாமல் மற்றதை எல்லாம் பேசிப் பயனில்லை. ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர், ஓகன் வாசிப்பவர், வேதவாசிப்பில் பெயர் உள்ளவர் எல்லாருக்கும் ஞாயிறு காலை ஒன்பதரைக்கு வந்து நிற்க வேண்டும் என்ற பாரம் இருக்கிறது. வராவிட்டால் யாரும் தண்டிக்க மாட்டார்கள். "போன கிழமை காணேல்லை?" என்று ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்து இரவிரவாக ஓடி வந்தவர்களை எங்களுக்குத் தெரியும்.

பிசாசு இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையின்மேல் நிறுத்தி, கீழே குதி, தூதர்கள் உன்னைத் தாங்குவார்கள் என்றபோது, அந்த வசனம் பொய் என்று அவர் சொல்லவில்லை. குதிக்கவில்லை. காவலுக்குத் தூதர் உண்டு என்பதும், அதற்காகக் குதிக்கக் கூடாது என்பதும் ஒரே பக்கத்தில் எழுதியிருக்கிறது. எலியா களைத்துப்போய்ச் சூரைச்செடியின்கீழ் படுத்தபோது தூதன் வந்து என்ன செய்தான்? சாப்பிடச் சொன்னான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினார். தூதன் இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். வழி வெகுதூரம் என்பதுதான் அவன் சொன்ன காரணம். ஓரேப் மலைக்கு, தேவனுடைய சந்நிதிக்குப் போகும் பயணமே அப்படித் தூக்கத்தோடும் சாப்பாட்டோடும்தான் தொடங்கியது.

ஆராதனையைத் தவறவிடச் சொல்லவில்லை. வேறு இடத்தில் ஆராதிக்கச் சொல்கிறோம். அடிலெயிட்டிலிருந்து வரும்போது நாங்கள் சனிக்கிழமை இரவு முர்ரம்பிட்ஜி ஆற்றங்கரையில் உள்ள ஊர்களில் ஒன்றில் தங்குவோம். ஹே ஆகலாம், நரண்டெரா ஆகலாம். ஞாயிறு காலை அந்த ஊர் ஆலயத்துக்குப் போவோம். போன ஜனவரியில் போன ஆலயத்தில் எங்களைச் சேர்க்காமல் பதினொரு பேர் இருந்தார்கள். எல்லாரும் அம்மம்மா வயது. போதகர் மூன்று ஊருக்கு ஒருவர் என்பதால் அன்று வரவில்லை, ஒரு ஓய்வுபெற்ற விவசாயி ஆராதனை நடத்தினார். எங்கள் சின்னவளைக் கண்டதும் அவர்களுக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது? அந்தக் கட்டிடத்துக்குள் ஒரு பிள்ளை வந்து எத்தனை காலமோ. பாட்டு தொடங்கியதும் அம்மம்மா தமிழில் பாடினார். மெட்டு ஒன்றுதான், சொற்கள்தான் வேறு. முன் வரிசைக் கிழவி திரும்பிப் பார்த்து, பிறகு கொஞ்சம் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார், அம்மம்மாவின் குரல் கேட்கட்டும் என்று. முடிந்ததும் ஸ்கோனும் ஜாமும் தேநீரும். எங்கள் எஸ்கியில் மிஞ்சியிருந்த கடலை வடையை அம்மம்மா கொண்டுவந்து மேசையில் வைத்தார். உறைப்பு என்று சொல்லிச் சொல்லியே முடித்துவிட்டார்கள்.

நம் ஆலயத்தில் அன்று எங்கள் ஐந்து பேரைக் காணாதது குறையாக இருந்திருக்கலாம். அங்கே பதினொன்று பதினாறானது. சிட்னிக்கும் அடிலெயிட்டுக்கும், சிட்னிக்கும் மெல்பேர்ணுக்கும் இடையில் இப்படி எத்தனையோ ஆலயங்கள் வயதானவர்களோடு மட்டும் நிற்கின்றன. ஒவ்வொரு ஜனவரியிலும் நாம் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அவற்றைக் கடந்து, இருட்டில், தூக்கக் கலக்கத்தோடு ஓடுகிறோம்.

இனி L, P பலகைப் பிள்ளைகளுக்கு. நியூ சவுத் வேல்ஸில் 25 வயதுக்கு உட்பட்டவர்கள் 120 மணித்தியாலம் பழக வேண்டும், அதில் 20 இரவில் ஓட வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த 20ஐ நிரப்ப நல்ல சந்தர்ப்பம் என்று சொல்லி, திரும்பும் இரவில் உங்களிடம் ஸ்டியரிங்கைத் தருவார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். பக்கத்தில் கண்காணிக்க வேண்டிய அப்பா பத்து நிமிடத்தில் குறட்டை விடுவார். இரவுப் பழக்கத்தை வெள்ளிக்கிழமை வாலிபர் கூட்டம் முடிந்து வரும்போது எடுக்கலாம்.

அப்பாவுக்குத் தூக்கம் வருகிறது என்று பின் இருக்கையில் இருந்து கண்டுபிடிப்பது எளிது: ஓரத்து வெள்ளைக் கோட்டில் டயர் ஏறி ஒரு உறுமல் கேட்கும், வேகம் கூடிக் குறையும், கேட்ட கேள்விக்குப் பதில் தாமதமாக வரும். அதை அவரிடம் சொல்வதுதான் கடினம். "எனக்கு ஓட்டத் தெரியும், நீ பேசாமல் படு" என்பார். நம் வீடுகளில் பிள்ளை தகப்பனுக்குப் புத்தி சொல்வது எடுபடாது. ஆனால் "அப்பா, டொய்லெட் போகவேணும்" என்றால் உலகத்தில் எந்த அப்பாவும் நிறுத்துவார். நிறுத்திய பிறகு சாவி அம்மாவின் பையில் இருக்க வேண்டும். விடுமுறைக் காலத்தில் ட்றைவர் றிவைவர் என்று பலகை வைத்து, தொண்டர்கள் வழியோரத்தில் இலவசமாகத் தேநீரும் பிஸ்கட்டும் தருவார்கள். அங்கே இறங்கி, காசு கொடுக்காமல் குடிக்கக் கூச்சப்படாமல் குடியுங்கள்.

பெரியவர்களைப் பற்றியும் சொல்லாமல் முடிக்க முடியாது. திரும்பி வந்த கிழமையில் வைத்தியசாலைக்கு வருவது அவர்கள்தான். வழியில் டொய்லெட் தேட வேண்டும் என்று தண்ணீர் குடிக்க மாட்டார்கள். நீர்க் குளிசையையும் நிறுத்திவிடுவார்கள், யாரிடமும் சொல்லாமல். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் நிறுத்தினால் இரண்டுமே தேவைப்படாது. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் நொந்து, தொட்டால் சூடாக இருந்தால் எண்ணெய் போட்டு உருவாதீர்கள், சித்தாலேபவும் வேண்டாம். நீண்டநேரம் காலை அசைக்காமல் இருந்ததால் இரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். பயணம் முடிந்து சில கிழமைகள் கழித்தும் அது வரலாம். மூச்சு வாங்கினால், நெஞ்சு நொந்தால் 000. சீனி வருத்தம் உள்ளவர்களின் இன்சுலின் காருக்குள் வெயிலில் கிடந்திருந்தால், பார்வைக்கு ஒரு மாற்றமும் தெரியாமலே அது வேலை செய்யாமல் போகலாம். அதை எறிந்துவிட்டுப் புதிதாக எடுங்கள். விலை பார்க்க வேண்டாம்.

வந்து சேர்ந்த மறுநாளும் பயணத்தின் நாள்தான். உடுப்பு மலையாகக் கிடக்கும், பிரிட்ஜ் வெறுமையாக இருக்கும், பிள்ளைகளின் பாடசாலைச் சப்பாத்து ஒன்றைக் காணவில்லை, பெரியவன் ஒரு அங்குலம் வளர்ந்து காற்சட்டை கட்டையாகிவிட்டது. ஞாயிறு இரவு பத்து மணிக்கு வந்து, திங்கள் காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போய் நிற்கும் தாதியோ, பஸ் ஓட்டுநரோ, முதியோர் இல்லப் பணியாளரோ தன் களைப்பைத் தான் மட்டும் சுமப்பதில்லை. அவர் கொடுக்கும் மருந்தில், திருப்பும் வளைவில் மற்றவர்களும் இருக்கிறார்கள். லீவுப் படிவத்தில் அந்தத் திங்களையும் எழுதுங்கள். நான்கு நாள் அங்கே, இரண்டு நாள் வழி, ஒரு நாள் வீடு. அந்த ஒரு நாளைக் கடைசியில் வெட்டாமல், முதலிலேயே எழுதுங்கள்.

சபைக்கு எங்களிடம் சில வேண்டுகோள் உண்டு. ஜனவரி கடைசி ஞாயிறு பணிப் பட்டியலில் பயணம் போகிறவர்களின் பெயர் வராமல் டிசம்பரிலேயே கேட்டு எழுதலாம். ஓய்வுநாள் பாடசாலையைப் பெப்ரவரி முதல் ஞாயிறில் தொடங்கலாம். சாட்சி வேளையில் "இரவிரவா வந்தம்" என்று ஒருவர் சொன்னால் போதகர் அன்போடு ஒரு வார்த்தை சேர்க்கலாம். அதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று நாங்கள் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை.

வாலிபர் ஐக்கியத்துக்கு ஒன்று. ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால் ஆறு கிழமைக்கு முறை வைத்துச் சாப்பாடு கொண்டுபோகிறோம். பயணத்தால் திரும்பும் வீட்டுக்கு ஒரு இரவுச் சாப்பாடு கொண்டுபோனால், அந்தத் தாய் காரிலிருந்து இறங்கி நேரே அடுப்படிக்குப் போக வேண்டியதில்லை. ஒரு லீற்றர் பாலும் பாணும் வாசலில் வைத்தாலும் போதும். வரும் ஈஸ்டர் விடுமுறையில் இதைத் தொடங்கிப் பார்க்கலாம். பயணம் போகிறவர்கள் எந்த நாள், பகலில் எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்று வாலிபர் ஐக்கியச் செயலாளரிடம் எழுதிக் கொடுக்கட்டும். பகலில் என்றால் மட்டும். பெண்டில் ஹில் பக்கத்து வீடுகளுக்குப் பிட்டும் கோழிக்கறியும் நாங்கள் பொறுப்பு, மற்றப் பக்கங்களுக்கு ஆட்கள் வேண்டும்.